கூகுளில் 'சுட்ட' படம் வேண்டாம்... கோலத்திலும் புடவையிலும் கொட்டிக்கிடக்குது டிசைன்!

காலையில் எழுந்து போனை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது என்ன? ரோஜாப்பூவோடு ஒரு 'குட் மார்னிங்', குடும்ப குரூப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை, தெருமுனையில் புதிதாகத் திறக்கும் பேக்கரியின் அழைப்பு, யாரோ ஒருவரின் பிறந்தநாள் போஸ்டர். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டிசைனர் இருக்கிறார். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்... பேக்கரி அழைப்பில் இருக்கும் அதே தங்க நிறக் கொடி, கல்யாணப் பத்திரிகையிலும் ஓடுகிறது. அதே கொடி, போன வாரம் வந்த காதுகுத்துப் பத்திரிகையிலும் ஓடியது!

'கஸ்டமர் அவசரப்படுத்துறாங்க. யோசிக்க நேரமில்ல. நெட்ல தேடினா கிடைக்கிறதை எடுத்துப் போட்டுடுறோம்.' டி.டி.பி. சென்டர்களில் அடிக்கடி கேட்கும் பதில் இதுதான். அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. ஆனால், இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. நெட்டில் கிடைக்கும் டெம்ப்ளேட்டை எடுத்துப் பெயரை மாற்றுவதுதான் வேலை என்றால், அதை கஸ்டமரே தன் போனில் பத்து நிமிடத்தில் செய்துகொள்வார். இப்போது ஏ.ஐ-யும் வந்துவிட்டது. அப்புறம் உங்களிடம் எதற்கு வர வேண்டும்?

உங்களைத் தேடி வர வைப்பது ஒன்றுதான்: உங்கள் கண். மற்றவர்கள் பார்க்காததைப் பார்க்கும் கண். அந்தக் கண்ணுக்கு எங்கே தீனி கிடைக்கும், காசு செலவில்லாமல் எந்தெந்தக் கருவிகள் கிடைக்கும், எதைத் தொட்டால் வம்பு... எல்லாவற்றையும் பார்ப்போம். டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பெற்றோரும் சேர்ந்து படியுங்கள்.

வாசலிலேயே இருக்கிறது முதல் பாடம்

டிசைன் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது 'கிரிட்'. பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரித்து, அந்த ஒழுங்குக்குள் படத்தையும் எழுத்தையும் அடுக்குவது. நம் வீட்டுப் பாட்டிகள் இதை வாசலில் தினமும் செய்தார்கள். முதலில் புள்ளி, பிறகுதான் கோடு. நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்பதைப் பொறுத்துக் கோலத்தின் உருவமே மாறும். புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் சிக்குக் கோலத்தில், கோடு போடாத இடமும் வடிவத்தின் ஒரு பகுதிதான். 'வெற்றிடம் விடுங்க' என்று டிசைன் ஆசிரியர்கள் தொண்டை வறளச் சொல்வதும் இதைத்தான்.

வீட்டில் பழைய கோல நோட்டு இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஒரு கோலத்தை எடுத்து, அதன் ஒரே ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு துணிக்கடைக்கான பை டிசைன் அதில் ஒளிந்திருக்கும்.

நிறத்துக்கும் வெளியூர் போக வேண்டாம், பட்டுப்புடவைக் கடைக்குப் போங்கள். மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி, கத்தரிப்பூ, கிளிப்பச்சை என்று நிறங்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே ஒரு பெரிய பட்டியல். இசையரசி எம்.எஸ்.சுப்புலட்சுமியால் புகழ்பெற்று, 'எம்.எஸ். ப்ளூ' என்று அவர் பெயரிலேயே நிலைத்துவிட்ட நீலமும் அதில் உண்டு. எந்த உடலுக்கு எந்த பார்டர் எடுப்பாக இருக்கும் என்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு புடவையைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். 'அடோபி கலர்', 'கூலர்ஸ்' போன்ற இணையதளங்களில் அந்தப் படத்தைப் போட்டால், அதிலுள்ள முக்கிய நிறங்களை எண்களோடு பிரித்துக் கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் போஸ்டரின் நிறம் யாரிடமும் கடன் வாங்கியதாக இருக்காது.

இன்னும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடி டைல்ஸ், லாரியின் பின்பக்க ஓவியம், தீப்பெட்டி லேபிள், மளிகைக் கடை மஞ்சப்பை, கோயில் தூண், தேர்ச்சீலை. ஒரு மாதம் தினமும் ஒரு போட்டோ மட்டும் எடுங்கள். போனில் 'எழுத்து', 'நிறம்', 'வடிவம்' என்று மூன்று ஆல்பம் போட்டுப் பிரித்து வையுங்கள். முப்பதாவது நாளில் உங்களிடம் இருப்பது, வேறு யாரிடமும் இல்லாத ஒரு ஐடியா டப்பா!

முன்னோர் விட்டுச் சென்ற பொக்கிஷம்

சாமி படம் என்றதும் நம் மனதில் தோன்றும் லட்சுமியும் சரஸ்வதியும் எங்கிருந்து வந்தார்கள்? ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகம், சாமி படங்களைச் சாதாரண வீடுகளின் சுவருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு, நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் ஓவியர் சி.கொண்டையராஜு. நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர், கோவில்பட்டியில் தங்கி வரைந்த படங்கள் சிவகாசி காலண்டர்கள் வழியாக வீடு வீடாகப் போயின. ஒரு காலண்டரைப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். முகம் முதலில் தெரியும், பிறகு கை, பிறகு நகை. பார்ப்பவரின் கண் எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதை ஓவியர் முடிவு செய்திருப்பார். போஸ்டர் டிசைனின் உயிர்நாடியே இதுதான்.

வாரப் பத்திரிகைகளும் ஒரு பள்ளிக்கூடம்தான். 1950-ல் 'கல்கி'யில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த படங்கள், வந்தியத்தேவன் இப்படித்தான் இருப்பான் என்று ஒரு தலைமுறையையே நம்பவைத்தன. கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாக்கிய சில்பி, நாலே கோட்டில் ஒரு குடும்பத்தையே சிரிக்கவைத்த கோபுலு, எழுத்தையே ஓவியமாக்கிப் புத்தக அட்டைகளுக்குப் புது முகம் கொடுத்த கே.எம்.ஆதிமூலம் என்று அந்த வரிசை நீளம்.

இவற்றை எங்கே பார்ப்பது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் போனிலேயே இலவசமாகப் புரட்டலாம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' இணையதளம் இருக்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதற்கு வித்திட்ட கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய ஓவியர்! அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சுமார் 1 லட்சம் நூல்களும் இதழ்களும் பிறவும்தான் அந்த நூலகத்தின் அஸ்திவாரம். ஒரு டிசைனரின் சேகரிக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எழுத்துதான் முகம்

இந்திய ரூபாயின் குறியீட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அந்தக் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.உதயகுமார். மும்பை ஐ.ஐ.டி-யில் தமிழ் எழுத்துருவாக்கம் பற்றி ஆய்வு செய்தவர். தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரண்டு கோடு. அவ்வளவுதான்! எழுத்தின் எலும்பு எப்படி அமைந்திருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் படித்த ஒருவரால்தான் இவ்வளவு எளிமையாக முடிக்க முடியும்.

தமிழ் எழுத்துருவில் பஞ்சம் என்பது பழைய கதை. 'கூகுள் ஃபான்ட்ஸ்' தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, அனெக் தமிழ் எல்லாம் இலவசம். பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய 'கேட்டமரான்' நம் கட்டுமரத்தின் பெயரைத் தாங்கியது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கியவை பவனம், கவிவனார். இவை திறந்த உரிமத்தில் வருவதால், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எழுத்துரு கையில் கிடைத்த பிறகு கவனிக்க வேண்டியவை சில:

* தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகள் அகலமானவை. கி, கீ, கு, கூ என்று மேலும் கீழும் கொம்பும் சுழியும் நீளும். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

* ஒரு டிசைனில் இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். தலைப்புக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று.

* 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து விழுகிறதா? ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் போய் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனிலும் இதே பெயரில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

* பழைய காலத்து வாடை அடிக்க வேண்டும் என்றால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களைப் பாருங்கள். துதிக்கை தூக்கிய அந்தப் பழைய 'லை', 'னை' இரண்டும் போதும், போஸ்டரே ஐம்பது வருஷம் பின்னால் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிழை. நிறம் கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. முகூர்த்த நேரத்தில் காலையும் மாலையும் மாறிப்போனால், மணமகன் வீட்டுத் தாத்தாவின் பெயர் விட்டுப்போனால், இரண்டு குடும்பங்களுக்குள் மனஸ்தாபமே வந்துவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிடுங்கள். கையெழுத்தோ, 'சரி' என்ற வாட்ஸ்அப் பதிலோ வாங்கிய பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் கருவிகள்

'சாஃப்ட்வேர் வாங்க வசதி இல்லை' என்று திருட்டு காப்பியை ஏற்றினால், வைரஸும் சேர்ந்தே வரும். தேவையே இல்லை. லோகோ, பத்திரிகை போன்றவற்றை வரைய 'இங்க்ஸ்கேப்', போட்டோ திருத்த 'கிம்ப்', கையால் ஓவியம் தீட்ட 'கிரிட்டா', புத்தகம், மலர் பக்கங்கள் அமைக்க 'ஸ்க்ரைபஸ்', முப்பரிமாண வேலைக்கு 'ப்ளெண்டர்'. ஐந்தும் முழுக்க இலவசம். கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற முடியாது என்றால், பிரவுசரிலேயே ஓடும் 'ஃபோட்டோபியா' இருக்கிறது. 'கேன்வா'வின் இலவசப் பதிப்பைப் பழகுவதிலும் தப்பில்லை. ஆனால் டெம்ப்ளேட்டை அப்படியே விடாமல், நிறம், எழுத்து, அளவு மூன்றையும் உங்களுடையதாக மாற்றுங்கள்.

படங்களுக்கு 'அன்ஸ்ப்ளாஷ்', 'பெக்ஸல்ஸ்', 'பிக்ஸாபே' தளங்கள் உண்டு. பழங்காலக் கலைப்பொருள்கள் வேண்டுமா? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் இருந்து லட்சக்கணக்கான படங்களை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அங்கே உள்ள சோழர் காலப் பார்வதி செப்புச் சிலையும் நம் போனுக்கே வந்துவிடும்! அமெரிக்காவின் ஸ்மித்சோனியனும், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் இதே வழியில் திறந்திருக்கின்றன.

மற்ற டிசைனர்களின் வேலையைப் பார்க்க 'பிஹான்ஸ்', 'பின்ட்ரெஸ்ட்' நல்லவை. ஆனால் அதிலேயே மூழ்கினால் எல்லோருடைய வேலையும் ஒரே மாதிரி ஆகிவிடும். முதலில் பேப்பரில் பென்சிலால் நாலு விதமாகக் கிறுக்குங்கள். பிறகு நெட்டைத் திறங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

எது ஊக்கம், எது திருட்டு?

'கூகுளில் கிடைத்தது' என்பது அனுமதி ஆகாது. கூகுள் தேடித்தான் தருகிறது, படம் இன்னொருவருடையது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஓர் ஓவியத்தின் உரிமை ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்கள் இப்போது பொதுச்சொத்து. 1976-ல் மறைந்த கொண்டையராஜுவின் ஓவியங்களுக்கு இன்னும் காலம் முடியவில்லை. தெரிந்தே உரிமையை மீறினால், 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வழக்கு வருமோ வராதோ, அது வேறு விஷயம். ஒரு சின்ன ஹோட்டல்காரர் உங்களை நம்பி போர்டு, பை, பில் புத்தகம், சட்டை எல்லாவற்றிலும் நீங்கள் தந்த லோகோவைப் போட்டுவிட்டார். நாளைக்கு அது இன்னொரு கடையுடையது என்று தெரிந்தால், எல்லாவற்றையும் மாற்றும் செலவு அவர் தலையில்தான் விழும். உங்கள் பெயரும் ஊரில் கெடும்.

அப்படியானால் ஊக்கம் பெறுவது எப்படி? சமையல் மாதிரிதான். பக்கத்து வீட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் வாங்கி வந்து 'நான் வைத்தது' என்று சொன்னால் அது திருட்டு. அதில் என்ன சுவை தூக்கலாக இருக்கிறது, ஏன் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, உங்கள் அடுப்பில் உங்கள் கைப்பக்குவத்தில் வைத்தால் அது கற்றல். ஒரு டிசைன் பிடித்திருந்தால், 'என்னை எது நிறுத்திப் பார்க்கவைத்தது? நிறமா, இடைவெளியா, எழுத்தின் அளவா?' என்று எழுதுங்கள். படத்தை மூடிவிட்டு, அந்தக் காரணத்தை மட்டும் வைத்துப் புதிதாக வரையுங்கள்.

அச்சுக்கும் போனுக்கும் ஒரே கணக்கு இல்லை

திரையில் பளபளத்த பச்சை, அச்சில் சோர்ந்துபோய் வருகிறதா? திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அது சிவப்பு, பச்சை, நீலம் கலந்த ஆர்.ஜி.பி. முறை. அச்சு இயந்திரமோ மையால் காட்டுகிறது. அது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு கலந்த சி.எம்.ஒய்.கே. அச்சு வேலையை முதலிலிருந்தே இரண்டாவது முறையில் வைத்துப் பாருங்கள். பத்திரிகை, நோட்டீஸ் என்றால் படம் 300 டி.பி.ஐ. இருக்கட்டும். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருக்க, நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி வையுங்கள். அனுப்பும் முன் எழுத்துகளை 'அவுட்லைன்' ஆக்கிவிட்டால், அச்சகக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது.

கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. வீட்டில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அந்த இடத்தில் போன் நம்பரையோ மண்டபத்தின் பெயரையோ வைக்காதீர்கள்!

போனில் பார்க்கும் போஸ்டருக்கு எழுத்து பெரிதாகவும், பின்னணியிலிருந்து பிரிந்தும் தெரிய வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வித்தியாசம் வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் இணைய வழிகாட்டி நெறி. இலவச இணையதளங்களிலேயே சோதிக்கலாம். இன்னும் சுலபமான சோதனை வேண்டுமா? வெயிலில் நின்று, கண்ணாடி போடும் அம்மாவிடம் போனைக் கொடுங்கள். அவர் படித்துவிட்டால் பாஸ்! வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

'படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?' என்ற கேள்வி நியாயமானதுதான். டிசைனுக்கு முறையான படிப்புகள் இருக்கின்றன. ஐ.ஐ.டி-களிலும் வேறு சில கல்லூரிகளிலும் பி.டெஸ். படிக்க 'யுசீட்' நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ-வில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். ஆமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்புக் கழகத்துக்குத் தனித் தேர்வு இருக்கிறது. சென்னையில் 1850-ல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணத்தில் ஓர் அரசுக் கல்லூரியும் இருக்கின்றன. பிள்ளைக்கு இதில் உண்மையான ஈடுபாடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, மார்க் ஷீட்டைவிட அவர் நோட்டின் கடைசிப் பக்கம் உதவும்.

கையெழுத்துக் கலைஞர்கள் உங்கள் ஊரில் இன்னும் ஓரிருவராவது இருப்பார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை வைத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனவர்கள் பலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, பலகையின் அகலத்துக்குள் ஒரு நீளமான கடைப் பெயரை நெருக்கடி தெரியாமல் எப்படி அடக்கினார் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு எந்த டெம்ப்ளேட்டிலும் கிடையாது. அவருக்குப் பிறகு அதைச் சொல்லித்தர உங்கள் ஊரில் ஆள் இருக்கப்போவதில்லை. அனுமதி கேட்டு, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த கடைப் பலகை உங்களிடம் வரும்போது கை கொடுக்கும்.